மறந்ததுபோல் விட்டுப்போனவை

இன்று காலை மின்சாரம் போனது. எங்கள் அலுவலகத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு ஜெனரேற்றர் இருக்கிறது. அதை முடுக்கினால் வருகிற முதல் புகை நேரே என் யன்னலுக்குத்தான் வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் யன்னலைச் சாத்தாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைப் பிள்ளை, அக்காவுக்கு டீசல் மணம் பிடிக்கும் போல என்று சொல்லிச் சிரித்தாள். பிடிக்கும் என்று சொல்ல முடியாது. டீசல் புகை, வாவிச் சேறு, நனைந்த குடை, இந்த மூன்று மணமும் சேர்ந்தால் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிடும். ஒன்று கிடைத்தாலே போதும், மற்ற இரண்டையும் மூக்கு தானாகச் சேர்த்துக்கொள்கிறது.

நான் கட்டிடப் படம் வரைகிறவள். எதையும் பாகம் பாகமாகப் பிரித்து வரிசைப்படுத்தாவிட்டால் எனக்கு விளங்காது. கலியாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்க முன்னம் கூரையின் சரிவைப் பார்ப்பேன் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். ஆகையால் பாதையைப் பற்றியும் அப்படித்தான் சொல்ல வருகிறது. இரண்டு படகுகள், அவற்றின் மேல் ஓர் இரும்புத் தளம், சுற்றிவர இடுப்பளவுக்குக் கம்பி, ஓரத்தில் ஒரு டீசல் இயந்திரம், அதை ஓட்ட ஒரு சாமித்தம்பி அண்ணன். இந்த மிதவைக்குத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்களை அது கிழக்கே எழுவான்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு பஸ். தயிர்ச்சட்டிக்காரர், பள்ளிக்கூட ரீச்சர்மார், மோட்டார் சைக்கிள்கள், சில நாட்களில் ஓர் ஆடு, எல்லாம் ஒரே தளத்தில்தான் போகும்.

பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் நிற்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லை. தகரக் கொட்டிலுக்குள் நின்றுகொண்டு நேற்றைய கதையைக் கதைப்போம். நான், ஜெனிற்றா, நிரோசா, மூன்று பேரும் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஜெனிற்றாவின் தகப்பன் மெதடிஸ்த கோயிலில் ஓர்கன் வாசிக்கிறவர். அவளுக்கோ வாய்தான் ஓர்கன். ஒரு பக்கத் தலை பின்னியும் மறுபக்கம் பின்னாமலும், கையில் பிட்டுப் பொதியோடு துறைக்கு ஓடி வருவாள். நிரோசா அவளுக்கு நேர்மாறு. தகப்பனுக்கு உன்னிச்சைக் குளத்துப் பக்கத்தில் வயல். சத்தமில்லாத பிள்ளை. படத்தின் மூலையில் அவள் எழுதுகிற எழுத்தை அச்சடித்தது என்று ஒருமுறை படிப்பிக்கிற சேர் நம்பிவிட்டார்.

சாமித்தம்பி அண்ணன் எங்கள் மூவரையும் சேர்த்துத் தொழில்நுட்பம் என்று கூப்பிடுவார். கயிற்றை அவிழ்க்கிற நேரம் தளத்தை ஒருதரம் கண்ணால் சுற்றிப் பார்ப்பார். "தொழில்நுட்பத்தில ஒண்டு குறையுது" என்பார். வரும் வரைக்கும் இயந்திரத்தைச் சும்மா உறுமவிட்டுக்கொண்டு நிற்பார். தயிர்க்காரர் ஏசுவார். அண்ணன் காதில் விழாத மாதிரி இருப்பார். ஒருத்தர் காலையில் வராவிட்டால், பின்னேரம் திரும்பி வருகிறபோது, என்ன, காய்ச்சலா, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களா என்று கரையே கேட்கும். அந்த விசாரணை அப்போது எனக்குப் பெரிய எரிச்சல்.

முதலாம் வருட மாரியில் நான் படுத்துவிட்டேன்.

காய்ச்சல் இல்லை. ஒரு பாடத்தில் குறைந்த புள்ளி வந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் துக்கப்படுவதற்குக் காரணம் வேண்டும். பெரிய காரணங்களை வைத்துக்கொண்டு எழும்பி நடமாடுகிறவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். அம்மாவே சண்டைக் காலத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர். அவர் விடிய எழும்பி மா அவிக்கிறார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. வெட்கம் கூடக் கூட எழும்புவது இன்னும் கஷ்டமாயிற்று. சோறு மண் மாதிரி இருந்தது. சீப்பெடுத்துத் தலை இழுக்கவில்லை, குளிக்கவில்லை, வெளியில் மழை பெய்கிறதா வெயில் எறிக்கிறதா என்று பார்க்கவில்லை. ஒழுங்கான வரிசையில்தான் ஒவ்வொன்றாக விட்டிருக்கிறேன், பாருங்கள்.

ஒரு பின்னேரம் பாதையால் இறங்கி நேரே இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, பாதையில் போன ஆடு வாவிக்குள் குதித்த கதையை ஜெனிற்றா சொன்னாள். ஆட்டுக்குச் சொந்தக்காரர் குதிக்கவில்லையாம், ஆடு நீந்தித் தங்களுக்கு முன்னம் கரை சேர்ந்து புல் தின்றுகொண்டு நின்றதாம். நான் சிரிக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் அம்மா கதவுக்குப் பின்னால் நிரோசாவின் டீ-ஸ்கொயர் சாத்திக் கிடப்பதைக் கண்டார். படம் வரைகிற பலகையில் நேர்கோடு போட வைக்கிற, ஒரு பக்கம் தலை வைத்த நீட்டு மரச்சட்டம் அது. மறுநாள் வரைதல் வகுப்பு. அது இல்லாமல் போனால் சேர் வெளியில் நிற்பாட்டுவார். போன் எடுத்துச் சொன்னேன்.

"ஐயோ மறந்திட்டன் கா. காலம துறைக்குக் கொண்டு வா."

"தம்பிட்டக் குடுத்து விடுறன்."

"அவன் முறிச்சுப் போடுவான். ஆரிட்டயும் குடுத்து விடாத. நீயே கொண்டு வா."

கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து படுப்பதாக எண்ணம். வீட்டுச் சட்டையோடும் றப்பர் செருப்போடும் போனேன். நிரோசா பாதையின் மறுபக்கக் கம்பியடியில் நின்றாள். ஒரு கையில் குடை, மறுகையில் சாப்பாட்டுப் பெட்டி, கக்கத்தில் படச் சுருள். "உள்ள வந்து தா கா, கை ரெண்டும் நிறைஞ்சு கிடக்கு" என்றாள். நான் தளத்தில் ஏறி அவளிடம் போகிற இடைவெளிக்குள் சாமித்தம்பி அண்ணன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பாதை நகர்ந்தது. இழுக்காத தலையோடும் பூப்போட்ட வீட்டுச் சட்டையோடும் நான் வாவிக்கு நடுவில் நின்றேன்.

ஒருத்தரும் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. தயிர்க்காரர் மட்டும், இண்டைக்குத்தான் நேரத்துக்கு வெளிக்கிட்டிருக்கு என்று பொதுவாகச் சொன்னார். காற்று முகத்தில் அடித்தது. அக்கரையில் அவர்கள் இறங்கிப் போனார்கள், நான் அதே பாதையில் திரும்பி வந்து படுத்தேன். அன்று நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று பின்னேரம் ஜெனிற்றா வந்துபோன பிறகு, அவளுடைய குடை எங்கள் வீட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டில் எப்போதும் யாருடையதாவது ஏதாவது ஒன்று மறந்ததுபோல் விட்டுப் போடப்பட்டிருக்கும். முக்கோண மட்டம், குடை, கணிதக் கொப்பி, ஒற்றைத் தோடு. நான் கெட்டிக்காரி என்றுதான் அதுவரைக்கும் எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும் நினைத்திருந்தேன். எனக்கு விளங்கியது நிரோசாவின் சாப்பாட்டுப் பெட்டி மூடியைக் கண்ட அன்றுதான். பெட்டி இல்லை, மூடி மட்டும். மூடியை மட்டும் எப்படி மறந்து வைக்கலாம் என்று துறையில் வைத்துக் கேட்டேன்.

"பெட்டியையும் விட்டா அம்மா அடிப்பா" என்றாள்.

அப்போதுதான் சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதோடு அழுகையும் வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் மூக்கு ஒழுகும் என்பது அன்று கண்ட தொழில்நுட்ப உண்மை. அந்த வாரமே ஜெனிற்றா என்னை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் உள்ளே டொக்டரோடு கதைத்துக்கொண்டிருக்க, அவள் வெளியில் வாங்குப் பலகையில் இருந்து கச்சான் கடலை தின்றுகொண்டு, பக்கத்தில் இருந்த கிழவிக்கு ஆட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். டொக்டர் தந்த குளிசையும் கதைப்பும் சேர்ந்துதான் என்னைச் சுகப்படுத்தின. எது எவ்வளவு என்று பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் கிளினிக் நாள் வரும் வரைக்கும் ஒவ்வொரு காலையும் என்னை எழுப்பியது, யாரோ ஒருத்தருக்கு இன்றைக்குத் தேவைப்படுகிற ஒரு பொருள் என் அறையில் கிடக்கிறது என்ற எண்ணம்தான்.

பிறகு பாலம் வந்தது.

பாலத்தைக் குறை சொல்ல நான் யாரையும் விடமாட்டேன். பிள்ளை பெற நோவெடுத்த பெண்கள் பாதை வரும் வரைக்கும் கரையில் கிடந்து துடித்த ஊர் எங்களுடையது. அந்தத் தூண்களையும் உத்தரங்களையும் பார்க்கும்போது தொழில் தெரிந்தவளுக்கு மனம் நிறையும். திறந்த அன்று நாங்களும் நடந்து போய் நடுவில் நின்று படம் எடுத்தோம். பாதையை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

எல்லோரும் ஸ்கூட்டி வாங்கினார்கள். ஜெனிற்றா கலியாணம் முடித்து இத்தாலிக்குப் போனாள். நான் நகரத்தில் வேலை கிடைத்து எழுவான்கரையில் அறை எடுத்தேன். நிரோசா ஊரிலிருந்தே ஓர் அலுவலகத்துக்கு ஸ்கூட்டியில் போய் வந்தாள். போனில் மூன்று பேருக்கும் ஒரு குழு இருந்தது, அதற்குத் தொழில்நுட்பம் என்றே பெயர் வைத்தோம். நிரோசா அதில் ஒவ்வொரு காலையும் ஒரு பூப் படம் போடுவாள். பூ வந்தால் ஆள் சுகம் என்று நாங்கள் இருந்துகொள்வோம். ஒருநாள் பாலத்தில் நானும் நிரோசாவும் எதிரெதிரே கடந்து போயிருக்கிறோம். ஹெல்மட்டும் மழைக்கோட்டும் போட்டிருந்ததால் இருவருக்கும் தெரியவில்லை. பின்னேரம் போனில் கதைத்தபோதுதான் கண்டுபிடித்துச் சிரித்தோம்.

போன வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வேலை நாளொன்றில் ஊருக்குப் போனேன். சாமித்தம்பி அண்ணன் இப்போது பாலத்தடியில் இறால் விற்கிறார். ஸ்கூட்டியை மறித்தார். இறால் வாங்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"புள்ள, உங்கட கூட்டாளி பழைய துறையில வந்து இருக்கா."

எப்போது என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளா. காலம வருவா, பின்னேரம் போவா. பாதைக்கு நிக்கிறாப்போல நிக்கிறா. நான் என்னத்தக் கேக்கிற?"

நிரோசா வேலைக்குப் போகாமல் விட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. காலையில் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவதால் வேலைக்குப் போகிறாள் என்று தாய் நினைத்தார். சுகமில்லை என்று சொல்லி நின்றபடியால் வீட்டில் இருக்கிறாள் என்று அலுவலகம் நினைத்தது. அயலில் உள்ளவர்கள், தங்களுக்கு முன்னம் போயிருப்பாள், அல்லது பின்னால் வருவாள் என்று நினைத்தார்கள். பாலத்தில் யார் போனது, யார் போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. கயிற்றை அவிழ்க்க முன்னம் கண்ணால் சுற்றிப் பார்க்க அங்கே ஒருத்தரும் இல்லை. காலைப் பூப் படம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

துறைக்குப் போனேன். தகரக் கொட்டிலின் கூரை போய்விட்டது. தண்ணீருக்குள் இறங்குகிற கொங்கிறீற் சரிவில் நிரோசா இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். என்னைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை. கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள், முன்பு கொட்டிலுக்குள் செய்கிற மாதிரி.

"என்ன நடந்த கா?"

"ஒண்டுமில்ல" என்றாள். "மெய்யா ஒண்டுமில்ல. அதான் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாமக் கிடக்கு" என்றாள்.

எனக்குத் தெரியாத பாஷையா அது. அவளுடைய சம்மதத்தோடு இருவருமாகத் தாயிடம் சொன்னோம். கிளினிக்குக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன், கச்சானும் வாங்கிக்கொண்டு வாங்கில் இருந்தேன். முதல் நாள் அவளை வீட்டில் விட்டு நகரத்துக்குத் திரும்புகிறபோது, என் குடையை அவளுடைய அறைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு வந்தேன். நாளைக்கு எடுத்துக்கொண்டு வருவாள், பாலத்தைக் கடந்து என் அறை வரைக்கும் வருவாள் என்று ஒரு கணக்கு.

நான் அறைக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருக்க, வெளியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நிரோசாவின் அண்ணன். கையில் என் குடை. இந்தப் பக்கம் வருகிற வேலை இருந்தது, தங்கச்சி தந்துவிட்டாள் என்றார். பாலம் இருக்கிறபடியால் வந்துபோக ஒரு கஷ்டமும் இல்லையாம். குடை நன்றாக உதறி மடித்து, பட்டி போடப்பட்டிருந்தது.

அடுத்தமுறை போனபோது நான் வெளிக்கிட எழும்ப முன்னம் அவள் எழும்பிக் கதிரைக்குக் கீழே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"எல்லாம் எடுத்தியா கா? குடை, ஹெல்மட், போன்?"

"இந்த வேலைய எனக்குப் படிப்பிச்சதே நீதானே" என்றேன்.

சிரித்தாள். மூடியை விட்டுப்போன காலத்துச் சிரிப்பு. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு வரவேணும் எண்டது எனக்குப் பாரமாக் கிடக்கு. அதை என்னட்ட வச்சிட்டுப் போகாத மச்சாள்."

நான் ஒன்றையும் வைத்துவிட்டு வரவில்லை. வெறுமனே போய் வந்துகொண்டிருந்தேன். சில நாள் கதைப்பாள், சில நாள் இரண்டு பேரும் மரவள்ளி அவித்துத் தின்றுகொண்டு இருப்போம். மருந்து ஒழுங்காக எடுத்தாள். முகம் தெளிந்த நாட்களும் இருந்தன, ஒருநாள் தானாகவே தலை இழுத்துப் பின்னியிருந்தாள். ஜெனிற்றா இத்தாலியிலிருந்து வீடியோவில் வந்து, நான் அங்க நிண்டா ரெண்டு செருப்பையும் உன்ர வீட்ட விட்டுப்போட்டு வெறுங்காலோட போயிருப்பன் என்று சொல்லி எங்கள் இருவரையும் சிரிக்க வைத்தாள். பிறகு தனியாக எனக்குப் போன் எடுத்து, அங்கே நிற்க முடியவில்லையே என்று நெடுநேரம் அழுதாள்.

மாரி தொடங்கி வாவி நிறைந்த பிறகு நிரோசா இல்லாமல் போனாள். எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் ஊரில் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டவர்கள் குறைவு. ஆகையால்தான் படமூலையில் அவள் எழுதுகிற எழுத்தைப் பற்றி மேலே சொன்னேன்.

செத்தவீட்டுக்குப் பாதைச் சனம் முழுக்க வந்திருந்தது. தயிர்க்காரர், ரீச்சர்மார், ஆட்டுக்குச் சொந்தக்காரர் கூட. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வாகனத்தில் வந்து இறங்கி, ஒருவரை ஒருவர் கண்டு, எத்தனை நாளாகிவிட்டது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். எல்லோரும் அந்தப் பாலத்தால் தினமும் போய் வருகிறவர்கள்தான். சாமித்தம்பி அண்ணன் வேலியோரத்தில் நின்று முற்றத்தை ஒருதரம் கண்ணால் சுற்றிப் பார்த்தார். பழக்கம். பாதியில் நிறுத்திக்கொண்டு வாவிப் பக்கம் கிறுகி நின்றுவிட்டார்.

மின்சாரம் வந்துவிட்டது. ஜெனரேற்றரை நிற்பாட்டிவிட்டார்கள். யன்னலில் இப்போது வெறும் வெயில் மணம். பாதை எங்கே கிடந்து துருப்பிடிக்கிறதோ தெரியாது. துறைச் சரிவில் கண்ணாச் செடி முளைத்து, கயிறு கட்டுகிற இரும்பு வளையத்தை மூடிவிட்டது.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த அன்று நிரோசாவின் தாய் என்னைத் தனியே கூப்பிட்டு, அவளுடையது ஏதாவது உன்னிடம் இருக்கிறதா மகள் என்று கேட்டார். ஒரு கொப்பி, ஒரு பேனை, எதுவென்றாலும் போதும், ஒருதரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றார். அறைக்கு வந்து அலுமாரி, மேசை லாச்சி, கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டி எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். டீ-ஸ்கொயர், முக்கோண மட்டம், கணிதக் கொப்பி, சாப்பாட்டுப் பெட்டி மூடி. அந்த நாளில் எத்தனை பொருட்கள் ஊர் வீட்டில் என் அறையில் இரவு தங்கிப் போயின. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் மறுநாள் காலையிலேயே, யாரிடமும் கொடுத்து விடாமல், நானே கொண்டுபோய்ப் பாதையில் வைத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.